கரட்டுமேட்டு ஜெயிலில் கை நனைத்தது

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க அம்மிணி. எனக்குக் காத்துப் பட்டா காது வலிக்கும். இந்தத் தூக்குப்போசிய மட்டும் சித்த புடிங்க, பையக் கீழ வெச்சுக்கறேன். ஆச்சு, குடுங்க. மடியிலயே இருக்கட்டும், கீழ வெச்சா சாஞ்சுரும். உள்ள கச்சாயம், வெல்லம் போட்டுச் சுட்ட பலகாரம், எங்க பையனுக்கு. சூலூர்ல இருக்கறான். கல்யாணமாயி ஒரு வருசம் ஆகப்போகுது. இல்லீங்க, நான் வர்றது அவனுக்குத் தெரியாது. பெத்த பையன் ஊட்டுக்குப் போறதுக்கு யாராச்சும் சொல்லீட்டுப் போவாங்களா? சொன்னா, இன்னிக்கு வேண்டாம்மா, நாங்க வெளிய போறோம்பான். சொல்லாமப் போயி நின்னா எங்க போவான்?

நீங்க சிங்காநல்லூரு வரைக்கும் போறீங்களா? அப்பச் சரி, நான் முன்னாடியே சூலூர்ல எறங்கிருவேன், அது வரைக்கும் பேசீட்டே போலாம். எங்க பையனுக்கு எங்க வெச்சுப் பொண்ணு பாத்தோம்னு நெனைக்கறீங்க? சொன்னா நம்ப மாட்டீங்க. ஜெயில்லீங்க. அதுவும் பேயி இருக்கற ஜெயில்ல. சிரிக்காதீங்க அம்மிணி, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

நவநீதன்னு பேரு. தங்கமான பையன். ஒரே ஒரு கொறைதான், எதையும் அவனாச் செய்ய மாட்டான். துணிக்கடைக்குப் போனா சட்டை நாந்தான் எடுக்கோணும். ஒருக்கா அவனே ஒண்ணு எடுத்தான், பச்சைக் கலர்ல. நான் அதைத் திருப்பிக் கொண்டுபோயிக் குடுத்துட்டு நீலத்துல மாத்திட்டு வந்தேன். ஓட்டல்ல போயி உக்காந்தா, என்ன வேணும்னு கேட்டதும் ரோசனை பண்ணிட்டே இருப்பான். அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள நான் ரவா தோசைன்னு சொல்லிருவேன். பசிச்ச புள்ளைய எவ்வளவு நேரந்தான் ரோசனை பண்ண உடறது? இப்படி எல்லாத்தையும் நானே பாக்க வேண்டியதாப் போச்சுங்க. இவன் எப்பத்தான் தானா ஒரு காரியம் பண்ணுவானோன்னு நான் வேண்டாத சாமியில்லை.

பொண்ணு பாக்கப் போன எடத்துலயெல்லாம் இதே கதைதான். பையன் வாயே தொறக்க மாட்டேங்கறாருன்னு சொல்லீருவாங்க. நான் பேசறேனே, அது பத்தாதா? தாராபுரத்துப் பக்கம் ஒரு எடம், நல்ல எடம். ரெண்டு பேரும் மொட்டை மாடியில போயிப் பேசீட்டு வாங்கன்னு அனுப்புனாங்க. நல்ல வெயிலு. அவனுக்குத் தொண்டை வறண்டு போகுமேன்னு நான் எங்கூட்டுல இருந்து கொண்டாந்த தண்ணி பாட்டிலோட மேல போனேன். போயிப் பாத்தா ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறாங்க. சரின்னு நானே பேச்ச எடுத்துக் குடுத்தேன். அந்தப் பொண்ணு எங்கிட்ட அத்தனை நல்லாப் பேசுனா. கடைசியில பையன் வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. அவளுக்குக் குடுத்து வெக்கலைங்க, வேற என்ன சொல்றது?

அப்புறந்தான் இந்துஜா சாதகம் வந்துது. பொண்ணு பேங்குல வேலை, நல்ல குடும்பம், பொருத்தம் அப்படியே அமைஞ்சுருச்சு. எங்க சோசியரு கண்டிப்பாச் சொல்லிட்டாரு, பையனுக்குக் கல்யாணம் கூடற வியாழ நோக்கம் ஐப்பசியோட போகுது, அதுக்குள்ள முடிங்க, உட்டா எப்ப வரும்னு எனக்கே தெரியலைன்னு. வயசு முப்பத்திமூணு முடிஞ்சு போச்சு. காதோரம் நரை வேற. இதையும் உட்டா அவ்வளவுதான்னு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. அந்தப் பொண்ணு ஒரு கண்டிசன் போட்டுதாமா. பையன் எங்கிட்ட தனியா அரைமணி நேரமாச்சும் பேசோணும். பேசுனா மேக்கொண்டு பாக்கலாம், பேசலைன்னா வேண்டாம். தரகரு வந்து சொல்லீட்டுப் போயிட்டாரு. அரைமணி நேரம் இவன் என்னத்தப் பேசுவான்?

இதுக்கு நடுவுல ஆடி வந்து நின்னுக்கிச்சு. ஆடியில எவளாச்சும் பொண்ணு பாப்பாளா? ஆவணி பொறக்கட்டும்னு இருந்தா, தரகரு காதுல கமுக்கமா ஒண்ணு சொன்னாரு. ஆவணி மொதத் தேதியே அமெரிக்கா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்களாமா. என்ன பண்றது சொல்லுங்க.

நான் படுத்துட்டே ரோசனை பண்ணுனேன். ஆடியில பொண்ணு பாக்கத்தான் கூடாது. சுத்திப் பாக்கப் போன எடத்துல ரெண்டு குடும்பம் தற்செயலாச் சந்திச்சுக்கிட்டா? அது பொண்ணு பாக்கறதுல சேராதுங்களே. ஆனா எங்க போறது? கோயிலு வேண்டாம், சாமி அதையக் கணக்குல எடுத்துக்கும். ஓட்டலு வேண்டாம், ஒண்ணா உக்காந்து சாப்பிட வேண்டி வரும். எங்க பக்கம் முடிவாகறதுக்கு முன்னால கை நனைக்கக் கூடாதுங்க. ரெண்டு ஊட்டுக்காரங்களும் ஒண்ணா ஒரு வாய் சாப்பிட்டாச்சுன்னா சம்மந்தம் முடிஞ்சாப்பல, அப்புறம் பேச்சு மாற முடியாது. அதனால பொண்ணு ஊட்டுல பச்சத் தண்ணி கூட வாயில படாமத்தான் வருவோம். சாமியும் இருக்கக் கூடாது, சோறும் இருக்கக் கூடாது, அப்படி எந்த எடம் இருக்குதுன்னு எங்கூட்டுக்காரருகிட்டக் கேட்டேன். அவரு பேப்பர்ல இருந்து கண்ணையே எடுக்காம, ஜெயிலுதான் இருக்குதுன்னாரு. கேலியாத்தான் சொன்னாரு. நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.

கரட்டுமேட்டுல வெள்ளக்காரன் காலத்து ஜெயிலு ஒண்ணு கெடக்குதுங்க. கைதிங்களையெல்லாம் எப்பவோ வேற எடத்துக்கு மாத்திப்போட்டு, இப்ப டிக்கெட் போட்டுக் காட்டறாங்க. பேயி இருக்குதுன்னு வாசல்லயே போர்டு. அதுக்குத்தான் கூட்டமே. ஞாயித்துக்கெழமையானா குடும்பம் குடும்பமா, கையில குச்சி ஐஸோட, பேயப் பாக்க வர்றாங்க. நான் தரகரு மூலமாச் சொல்லியனுப்புனேன். அவங்களும் சரின்னுட்டாங்க. வந்தா தற்செயலாத்தான் வரோணும், பாத்தா ஆச்சரியப்படோணும், இதுதான் பேச்சு.

போயி எறங்குனா, அங்க வந்தவங்கெல்லாம் பனியனும் டவுசருமா நிக்கறாங்க. நான் அரக்குப் பட்டு, தலை நெறயாப் பூவு. எங்கூட்டுக்காரரு பட்டு வேட்டி. பையனுக்கு நான் எடுத்துக் குடுத்த நீலச் சட்டை. அந்தப் பக்கம் காருல இருந்து எறங்கறாங்க, அவங்களும் பட்டு. டிக்கெட் குடுக்கற பொண்ணு, உள்ள ஏதாச்சும் கல்யாணமுங்களான்னு கேட்டே போட்டா. நான் அதையெல்லாம் காதுலயே போட்டுக்கலை. பொண்ணோட அம்மாவப் பாத்து, அடடா, நீங்களும் ஜெயிலு பாக்கவா வந்தீங்கன்னு ஆச்சரியப்பட்டேன். அந்தம்மாவும், சம்பூரணம்னு பேரு, கன்னத்துல கை வெச்சு நல்லா ஆச்சரியப்பட்டாங்க. எல்லாம் சரியாத்தான் போச்சு. எங்கூட்டுக்காரரு இருக்கறாரே, நேரா அந்தப் பொண்ணோட அப்பாகிட்டப் போயி, சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்க, எங்களுக்குத்தான் சித்த நேரமாயிருச்சுங்கறாரு. அதுக்கப்புறம் ரெண்டு ஆம்பளைங்களும் வேப்ப மரத்தடியில உக்காந்து தேங்கா வெலையப் பேச ஆரம்பிச்சவங்க, சாயந்திரம் வரைக்கும் எந்திரிக்கவே இல்லை.

நாங்க நாலு பேரும் உள்ள போனோம். ஒரு கைடு மைக்கக் கன்னத்துல மாட்டிக்கிட்டு எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாரு. தூக்கு மேடை, சாட்டை, சங்கிலி. எனக்கு அதுலயெல்லாம் மனசு போகலை. பையன் பொண்ணைப் பாக்கறானா, பொண்ணு பையனப் பாக்குதான்னு அதையே பாத்துட்டிருந்தேன். கடைசியில ஒரு தனிக் கொட்டடி முன்னால நிறுத்துனாரு. ஒத்தை ரூமு, இரும்புக் கதவு, வெளிய ஒரு தாழ்ப்பாளு என்ற கை நீளத்துக்கு. வாராவாரம் எண்ணெ போடறமுங்க, சுண்டு வெரல்ல தொறக்கலாம்னு இழுத்துக் காட்டுனாரு. வெண்ணெயாட்டம் போச்சு.

இங்கதாங்க பேயி இருக்குது. மாராத்தான்னு பேரு. அவ பையன் ஏதோ வரித் தகராறுல உள்ள வந்துட்டானாமா. இவ தெனமும் தூக்குப்போசியில கம்பஞ்சோறு கொண்டாந்து வாசல்ல நிப்பாளாமா. ஒரு நாளைக்கு வார்டருக்குப் பாவமாப் போயி உள்ள உட்டிருக்கறான். பாத்தா கொட்டடி காலி. பையனுக்குத் தண்டனை முடிஞ்சு அவன் முன்னாடியே வெளிய போயாச்சு. இவளுக்கு யாரும் சொல்லலை. அவ நம்ப மாட்டேன்னுட்டா. எங்கிட்டச் சொல்லாம எம்பையன் எங்கயும் போக மாட்டான், வர்ற வரைக்கும் இங்கயே இருக்கறேன்னு உள்ள உக்காந்தவதான். அங்கயே உசுரு போயிருச்சு. இப்பவும் உள்ளயிருந்து, சாமீ, கதவத் தொறடா சாமீன்னு சத்தம் வருமாமா. கேட்டதும் எல்லாரும் உச்சுக் கொட்டுனாங்க. எனக்கு எரிச்சலா இருந்துது. புள்ளை வெளிய போயிட்டான்னா சந்தோசமா ஊடு போயிச் சேர வேண்டியதுதானுங்களே. அவன் போன பொறவு இவளுக்கு அங்க என்ன சோலி? இப்படியும் சில பொம்பளைங்க.

கூட்டம் அடுத்த பக்கம் நகுந்துது. அந்தப் பொண்ணு தைரியமா எங்க பையனப் பாத்து, இங்கயே சித்த உக்காரலாமுங்களான்னு கேட்டுது. அவன் என்னையப் பாத்தான். நான் தலையாட்டுனேன். கொட்டடிக்கு ஒட்டுனாப்பல ஒரு கல்லுத் திட்டு. அதுல போயி உக்காந்தாங்க, ஆளுக்கு ஒரு மூலையில. நானும் சம்பூரணம்மாவும், நாங்க கெணறு பாக்கறம், ஏத்தம் பாக்கறம்னு ஆளுக்கு ஒரு பக்கமா நகுந்தோம்.

நான் சும்மா போயிருப்பனுங்க. ஆனா அரைமணி நேரம் அவன் என்ன பேசுவான்? பேச்சு நின்னு போச்சுன்னா? திட்டுக்கு அந்தப் பக்கம் பாத்தாப்பல உக்காந்திருந்தாங்களா, நான் செருப்பக் கையில எடுத்துக்கிட்டு மெல்ல அந்தக் கொட்டடிக்குள்ள நொழஞ்சுட்டேன். செவுத்துல காத்து வர்றதுக்கு ஒரு பொந்து உட்டிருந்தாங்க. அதுல காது வெச்சா வெளிய பேசறது அப்படியே கேக்கும்னு கைடு சொன்ன உடனேயே நான் மனசுல வெச்சுட்டேன். காது வெக்கலாம்னு போறேன், அங்க இன்னொரு தலை இருக்குது. மாராத்தாவேதான்னு நெனச்சேன். பாத்தா சம்பூரணம்மா. அந்தம்மாவும் என்னைய மாராத்தான்னு நெனச்சுட்டாங்களாமா. ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கறோம். கத்துனா வெளிய தெரிஞ்சு போயிருமே.

சரி வந்தது வந்துட்டோம்னு ரெண்டு பேரும் பொந்துல காது வெச்சோம். ஒரு சத்தமும் இல்லை. பேசுடா சாமி, பேசுடாங்கறேன் மனசுக்குள்ள. கடைசியில அந்தப் பொண்ணுதான் பேசுது.

"உங்கம்மா எங்கீங்க?"

"தண்ணி பாட்டிலோட வந்துட்டிருப்பாங்க."

அவ்வளவுதான் பேசுனான். அதுவும் என்னையப் பத்தி. அப்புறம் ஏதோ குசுகுசுன்னு சத்தம், அந்தப் பொண்ணு சிரிக்கறாப்பல. யாரோ எந்திரிச்சு நடக்கறாப்பல. பாத்துட்டிருக்கும்போதே கதவு சாத்திக்கிச்சு. டமார்னெல்லாம் இல்லீங்க, பையத்தான் சாத்துச்சு. பொறவு டொக்குன்னு ஒரு சத்தம். காத்துத்தானுங்க. ஆடிக் காத்து அம்மியையே நகுத்தும், கதவு எந்த மூலைக்கு?

உள்ள கும்மிருட்டு. பொந்துல மட்டும் ஒரு கீத்து வெளிச்சம். என்ற போனு போட்டோ எடுக்கறதுக்குன்னு பையங்கிட்ட இருந்துது. சம்பூரணம்மா போனுல சிக்னலே இல்லை, அத்தனை மொத்தமான செவுரு. கத்தலாம்னா, ஒட்டுக் கேக்க வந்தது வெளிய தெரிஞ்சுரும். சம்மந்தம் பேச வந்த எடத்துல இப்படி ஒரு மானக்கேடு வேணுமா? சரி, பேசி முடிக்கட்டும், பொறவு பாத்துக்கலாம்னு தரையிலயே உக்காந்துட்டோம். பட்டுப் பொடவையோட, ரெண்டு பேரும், ஜெயிலுக்குள்ள.

அப்பத்தான் அவன் பேச ஆரம்பிச்சான்.

அம்மிணி, அவன் நிறுத்தலைங்க. எனக்கு என்ன பேசறான்னு ஒண்ணும் புரியலை, எந்திரிச்சுப் பொந்துகிட்டப் போறதுக்கும் காலு வரலை. கொரலு மட்டும் வருது. பேசறான், நடுவுல சிரிக்கறான், அந்தப் பொண்ணு ஏதோ கேக்குது, திரும்பப் பேசறான். சம்பூரணம்மா இருட்டுக்குள்ள என்ற பக்கம் திரும்பி, உங்க பையனுக்கு நல்ல கொரலுங்கன்னாங்க. அவனோட கொரலு இப்படி இருக்கும்னு எனக்கே அப்பத்தாங்க தெரிஞ்சுது. நானும் பேசாம உக்காந்து கேட்டேன். எனக்குப் பேசாம இருந்து பழக்கம் இல்லை, ஆனா அன்னிக்கு நல்லாத்தான் இருந்துது.

எவ்வளவு நேரம் போச்சுன்னு தெரியலை. சம்பூரணம்மா கை நடுங்கறாப்பல இருந்துது. தொட்டுப் பாத்தா வேர்த்து ஊத்துது. சக்கரை எறங்கிப் போச்சுங்க. காலையில பதட்டத்துல ஒண்ணும் சாப்பிடாம மாத்திரை மட்டும் போட்டுட்டு வந்திருக்கறாங்க. என்ற பையில பையனுக்குன்னு கொண்டு போன கச்சாயம் இருக்குது. எடுத்து நீட்டுனேன். அந்தம்மா வாங்க மாட்டேங்கறாங்க. கை நனைக்கக் கூடாதுங்க, இன்னும் முடிவாகலைங்கன்னு அந்த நடுக்கத்துலயும் சொல்றாங்க பாருங்க. எனக்கு வந்துது கோவம். உசுரு பெருசா, சாங்கியம் பெருசா, வாயத் தொறங்கன்னு சொல்லி நானே பிட்டு ஊட்டி உட்டேன். ரெண்டு தின்னதும் தெளிஞ்சுட்டாங்க. தெளிஞ்சவங்க, நீங்களும் ஒண்ணு சாப்பிடுங்க, நான் மட்டும் தனியாச் சாப்பிட்டா நல்லால்லைன்னாங்க. அந்த நேரத்துல எனக்குந்தான் பசி. வெல்லமும் ஏலக்காயும் வாசம் அந்த ரூமு பூரா. ரெண்டு பேருமாச் சேந்து பொட்டலத்த முடிச்சே போட்டோம்.

முடிச்ச பொறவுதான் ஒரைச்சுது. கை நனைச்சாச்சு. ஆடி மாசத்துல, ஜெயிலுக்குள்ள, பேயி ரூமுல. பொண்ணும் பையனும் வெளிய பேசியே முடிக்கலை, நாங்க உள்ள சம்மந்தத்தையே முடிச்சுப்போட்டோம். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம், அதாவது இருட்டுல பாத்தாப்பல திரும்புனோம். பொறவு சம்பூரணம்மா சிரிக்க ஆரம்பிச்சாங்க. எனக்கும் வந்துருச்சு. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறோம். நான் சின்னப் புள்ளையில கூட அப்படிச் சிரிச்சதில்லைங்க.

ஆனா இந்தப் பையன் இப்ப வெளிய ஏதாச்சும் தாறுமாறாப் பேசி அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லிருச்சுன்னா? இங்க சம்மந்தம் முடிஞ்சு போச்சே. அது எத்தனை பெரிய தோசம். உடனே வெளிய போயே ஆகோணும்னு எனக்குப் பதறிருச்சு. மானமாவது ஒண்ணாவது. எந்திரிச்சுக் கதவத் தட்டிக்கிட்டுக் கத்துனேன், சாமீ, கதவத் தொறடா சாமீ. நான் பையன அப்படித்தானுங்க கூப்புடுவேன். வேற எப்படிக் கூப்புடறது? உயரமான கூரை, என்ற கொரலு போயி முட்டிட்டு வேற யாரோட கொரலாட்டமோ திரும்பி வருது.

அந்த நேரம் பாத்து அடுத்த கூட்டம் கதை கேக்க வந்து நின்னிருக்குது. கைடு, இந்தக் கொட்டடியில இருந்து இப்பவும் ஒரு கொரலு வரும்னு சொல்லி வாய மூடலை, நான் கத்தறேன். அவ்வளவுதான். குச்சி ஐஸு பறக்குது, செருப்புப் பறக்குது. கைடு, பாவம், இத்தனை வருசமா அதே கதையச் சொல்லியிருக்கறாரு, ஒரு நாளும் சத்தம் கேட்டதில்லை. மைக்கோடவே ஓடிப்போட்டாரு. வாசல் கேட்டு வரைக்கும் அவரு மூச்சு வாங்கறது ஸ்பீக்கர்ல கேட்டுதாமா.

நான் விடலை. தொறடா சாமீங்கறேன். சம்பூரணம்மா ஒரு பக்கம் கதவ ஆட்டறாங்க. அப்ப வெளிய எங்க பையன் கொரலு கேக்குது. அத்தனை கூட்டத்துக்கும் தைரியம் சொல்றானுங்க.

"பயப்படாதீங்க. அது ஒண்ணும் பண்ணாது. சித்த நேரம் கத்தும், பொறவு அடங்கிரும்."

எனக்கு அப்படியே பூரிச்சுப் போச்சு. பேயின்னு ஊரே ஓடுது, எம்பையன் மட்டும் நிக்கறான் பாருங்க. என்ற கொரலுன்னு அவனுக்குத் தெரியலை, அது வேற விசயம். மொத்தச் செவுரு, கொரலு மாறிப் போச்சு.

ஒரே ஒரு பொம்பளை மட்டும் ஓடாம வந்து கதவுக்கு முன்னால கற்பூரம் பொருத்துச்சுங்க. வாசம் உள்ள வருது. தாயே, என்ற மருமகளுக்கு ஏழு வருசமாப் புள்ளை இல்லை, பொறக்குமா தாயேன்னு கேக்குது. நான் என்ன பண்றது? பொறக்கும், மொதல்ல கதவத் தொறன்னேன். அது வாக்குக் கெடச்சுதுன்னு கும்புட்டுட்டு எந்திரிச்சே போயிருச்சு. கதவத் தொறக்கலை. ஆனா சொன்னா நம்புங்க, போன மாசம் பேரன் பொறந்திருக்குதாமா. கொட்டடி வாசல்ல இப்பத் தொட்டில் கட்டியிருக்கறாங்க.

கத்திக் கத்தித் தொண்டை கட்டுன பொறவுதான் ஒரு வழியாக் கதவு தொறந்துது. எங்க பையன்தான் தொறந்தான். பக்கத்துல அந்தப் பொண்ணு. அவன் மூஞ்சியில ஒரு ஆச்சரியமும் இல்லை, பயந்து வெளிறிப் போயிட்டான்னு நெனச்சேன். நான் அவனத் திட்டறதுக்கு வாயத் தொறந்தேன். அவன் என்னையப் பேச உடலை.

"அம்மா, எனக்கு இந்தப் பொண்ணைப் புடிச்சிருக்குது. அவளுக்கும் சம்மதம். ஐப்பசியில வெச்சுக்கலாம்."

எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலைங்க. எனக்கு ஒரு நொடி சுருக்குன்னுதான் இருந்துது. நீ என்னடா சொல்றது, நாங்க உள்ளயே கை நனைச்சு முடிச்சாச்சுன்னு நானும் உடாமச் சொல்லிப்போட்டேன். முடிவு பண்ணது நாங்கதான்னு ஆகோணுமில்லீங்களா.

ஐப்பசியில கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துது. கல்யாணத்துக்கு அவன் பச்சைச் சட்டை போட்டுட்டு வந்தான், அந்தப் பொண்ணு எடுத்துக் குடுத்ததாமா. போகட்டும், அவளுக்கு அந்தளவுக்குத்தான் தெரியும். இருந்தாலும் நல்ல புள்ளைங்க. சம்பூரணம்மா இப்ப எனக்குக் கூடப் பொறந்தாப்பல. இந்த ஆடிக்கும் ரெண்டு பேரும் டிக்கெட் வாங்கீட்டு அந்த ஜெயிலுக்குப் போயிட்டு வந்தோம், யாருகிட்டயும் சொல்லலை. கைடு கதைய மாத்திப்போட்டாரு. இப்ப உள்ள ரெண்டு பேயாமா. ஒண்ணு அழுகுமாமா, ஒண்ணு சிரிக்குமாமா.

அன்னிக்குக் கூட்டத்துல யாரோ வீடியோ எடுத்து உட்டிருக்கறாங்க, பாக்கறீங்களா? ஊரெல்லாம் சுத்துச்சு. நான் ஒறம்பரை சனத்துக்கெல்லாம் காட்டுவேன், பாத்தவங்கெல்லாம் சிரிச்சுட்டுப் போயிருவாங்க. இந்தாங்க, நீங்களே அமுத்துங்க. கண்ணாடி ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன், எனக்கு எப்பவும் மசமசன்னுதான் தெரியும், ஆனா சத்தம் மனப்பாடம். கேக்குதுங்களா, அது நாந்தான். அங்க எல்லாரும் ஓடறாங்களா, கதவுகிட்ட ரெண்டு பேரு மட்டும் நிக்கறாங்களா, நீலச் சட்டை, அதுதான் எம்பையன். பேயவே மறிச்சு நிக்கறான் பாருங்க. கை கூடத் தாழ்ப்பாள் மேலதான் இருக்கும். தொறக்கப் பாக்கறான், பாவம், துருப் புடிச்சு வரலை.

என்னங்க?

தொறக்கப் பாக்கலையா? அமுத்திப் புடிச்சிருக்கறானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க அம்மிணி. அந்தப் பொண்ணு என்ன பண்ணுது? அதுவும் அவன் கை மேல கை வெச்சு அமுத்துதா. சிரிக்குதா. அவன்? அவனுந்தானா.

குடுங்க போன.

ஆமா. சுண்டு வெரல்ல தொறக்கலாம்னுதான் அந்தக் கைடு சொன்னாரு. நாங்கூடப் பாத்தனே, வெண்ணெயாட்டம் போச்சே. கல்யாணத்தன்னிக்கே சம்பூரணம்மா ஒரு வார்த்தை கேட்டாங்க, ஏனுங், காத்து கதவச் சாத்தும், தாழ்ப்பாளுமா போடும்னு. நான், ஜெயிலுக் காத்துங்க, பழகியிருக்கும்னு சொல்லிச் சிரிச்சேன். அந்தம்மா அதுக்கு மேல ஒண்ணுமே கேக்கலை.

களவாணிப் பையன். பெத்தவளையே உள்ள போட்டுப் பூட்டியிருக்கறான். சித்த நேரம் கத்தும், பொறவு அடங்கிரும்னு சொல்லியிருக்கறான், என்னையப் போயி. இல்லைங்க, அழுகலை, சிரிப்புத்தான் வருது. கொஞ்சம் வலிக்குது, அதையும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாருங்க அம்மிணி, அவனாச் செஞ்சிருக்கறானுங்க. யாரையும் கேக்கலை, யாரும் எடுத்துக் குடுக்கலை. முப்பத்திமூணு வருசத்துல எம்பையன் தானா ஒரு காரியம் பண்ணியிருக்கறான், அது எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது. அதும் எத்தனை சுளுவாப் பண்ணியிருக்கறான்.

இருங்க. அவனுக்கு ஒரு போனு போடறேன். நம்பரு மொதல்ல இருக்கறதுதான், அமுத்திக் குடுங்க.

சாமி, அம்மாதான். ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கறேன். பஸ்ல வந்துட்டிருக்கறேன், சூலூருகிட்ட வந்துட்டேன். கச்சாயம் சுட்டுக் கொண்டாந்தேன். வரட்டுமா சாமி, இல்லை இன்னொரு நாளைக்கு வரட்டுமா? இல்லைடா, மனசுல ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். அவளையும் கேட்டுக்க. அவசரமில்லை, ரோசனை பண்ணி நீயே சொல்லு. நான் வெக்கலை, லைன்லயே இருக்கறேன்.

என்னங்க அம்மிணி, கையக் காட்டறீங்க? சூலூரா? எறங்கற எடமா? போகட்டுமுங்க, கண்டக்டர ஒண்ணும் கூப்புட வேண்டாம். சித்த பேசாம இருங்க. ரோசனை பண்ணிட்டிருக்கறான்.